ஓடாத லிஃப்ட்

பதறாதீர்கள் தம்பி. நின்றால் நிற்கும், அவ்வளவுதான். கீழே விழாது. இந்தக் கட்டடம் கட்டின காலத்து லிஃப்ட். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் வந்தால் அதற்கு என்னவோ ஆகிவிடும், கொஞ்ச நேரம் சும்மா நிற்கும், பிறகு அதுவாகவே போகும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஃபோனும் எடுக்காது, நாலு பக்கமும் சுவர். விளக்கு எரிகிறது, தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது, வேறு என்ன வேண்டும்? கக்கத்தில் இருக்கிற ஃபைலைக் கீழே வையுங்கள். இன்டர்வியூவா? ஆறாவது மாடியில், பதினொரு மணிக்கா? அதெல்லாம் போய்விடலாம்.

நான் கால் நீட்டியபடியே இருக்கிறேன். முட்டி வலி. இந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் கதவுப் பக்கம்தான் போகும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்ன படித்திருக்கிறீர்கள்? கெமிஸ்ட்ரியா. அப்படியானால் உங்களுக்குப் புரியும். நான் ஆறாவதோடு நின்றவன். ஆனால் கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்க வந்த ஒருத்தியை வெறுங்கையோடு ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பொழுது போக வேண்டுமே.

எப்சிபா என்று பெயர். நாகர்கோவில் பக்கம். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எப்போது பார்த்தாலும் கையில் ஒரு தாளைச் சுருட்டி வைத்திருப்பாள். அப்போது நான் ஊருக்கு வெளியே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். எந்த இடம் என்று கேட்காதீர்கள். நிரந்தர வேலை. காக்கிச் சட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை, அதில் கோட்டைச்சாமி என்று என் பெயர். லிஃப்ட்டுக்குள் எனக்கு ஒரு மர ஸ்டூல், ஒரு குட்டி மின்விசிறி, முகம் பார்க்கக் கண்ணாடி, மூலையில் கருப்பசாமி படம். தினம் ஒரு முழம் கதம்பம் போடுவேன். டைரக்டரே ஏறினாலும் கருப்பனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் மாடிக்குப் போவார். யாருக்கு யாரைக் கண்டால் ஆகாது, யார் யாரைப் பற்றி மேலே சொல்லிக்கொடுத்தார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டு மாடிக்கு நடுவில் மனுஷன் வாயைத் திறந்துவிடுவான். அந்த லிஃப்ட் எனக்கு வீடு மாதிரி என்று சொல்ல மாட்டேன். வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

லிஃப்ட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம், கீழ்த்தளத்தில், காந்த மிஷின் அறை. அதுதான், என்.எம்.ஆர். பால் டாங்க் மாதிரி பளபளவென்று ஒன்று, மூன்று காலில் நிற்கும். வாராவாரம் புகை பறக்க நைட்ரஜன் ஊற்றுவார்கள். மருந்தை ஒரு மெல்லிசான கண்ணாடிக் குழாயில் போட்டு அதற்குள் இறக்கினால் கம்ப்யூட்டரில் படம் வரும். சாதாப் படம் சீக்கிரம் வந்துவிடும். இன்னொரு தினுசு உண்டு, நீளமும் அகலமும் உள்ள படம். அதற்கு மிஷின் நாள்கணக்கில் ஓட வேண்டும். மருந்துக்குள்ளே எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று அதில்தான் தெரியுமாம். பாருங்கள், தலையாட்டுகிறீர்கள். அவளும் இப்படித்தான். நான் ஒன்று சொன்னால் அது முன்னாலேயே தெரிந்த மாதிரி தலையாட்டுவாள்.

ஏதோ ஒரு வேரிலிருந்து எடுத்த மருந்து அவளுடையது. ரகோத்தமன் சார் என்று ஒரு பேராசிரியர், அவரிடம்தான் ஆராய்ச்சி. நல்ல மனுஷன். "என்ன கோட்டைச்சாமி" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அந்த மருந்து நீட்டமாகக் கிடக்கிறதா, பாம்பு சுருண்ட மாதிரி தலையும் வாலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறதா என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால் பட்டம். தெரியாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் அவள் சமாசாரம்.

படம் எடுத்தாள். படத்தில் அழுக்கு. ஒரு நாள் அந்தத் தாளை லிஃப்ட்டுக்குள் கொண்டுவந்து என்னிடமே காட்டினாள். மூலைக்கு மூலை ஒரு வரிசைப் புள்ளி, அது எல்லாருக்கும் வருமாம், அதில் விசேஷம் இல்லை. அந்த வரிசைக்கு இரண்டு பக்கமும் தள்ளி விழுகிற சின்னப் புள்ளிதான் விஷயம். ஆனால் அவள் தாளில் பெரிய புள்ளிகளுக்கு மேலேயும் கீழேயும், ஈரச் சுவரில் மை ஒழுகின மாதிரி நெட்டுக்குக் கோடு கோடாக இருந்தது. அந்தக் கோட்டுக்குள் சின்னப் புள்ளி இருந்தாலும் தெரியாது.

"அண்ணே, எனக்கு ஒரு உதவி. நான் சொல்லும்போது மேல போங்க, நான் சொல்லும்போது நிறுத்துங்க" என்றாள்.

ஒரு சாயங்காலம் முழுக்கப் போனோம், வந்தோம். அவள் ஃபோனில் பேசிக்கொண்டே வந்தாள். உள்ளே கூடப் படிக்கிற ஒருத்தி மிஷினைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன நினைத்தேன்? பெரிய படிப்புப் படிக்கிற பெண், என்னை வைத்து ஏதோ பரீட்சை செய்கிறாள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினேன். இவ்வளவு வழுவழுப்பாக யாரும் லிஃப்ட்டை நிறுத்த முடியாது என்று அவளிடம் சொன்னேன். "ஆமாண்ணே" என்று சிரித்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள். லிஃப்ட் பெட்டி இரும்பு, அதோடு இறங்குகிற எடைக்கட்டி இரும்பு. அது சுவருக்குப் பின்னால் ஏறி இறங்கும்போதெல்லாம் காந்தம் இம்மி அளவு அசைகிறது, அதனால்தான் படம் ஒழுகுகிறது என்று ரகோத்தமன் சாரிடம் எழுதிக்கொடுத்தாள். என் வேலையை என் கையாலேயே பறிக்க வைத்தாள். எப்படிப்பட்ட புத்தி பாருங்கள்.

அவள் கேட்டது சனி ஞாயிறு மட்டும், மிஷின் நீளமாக ஓடும்போது மட்டும் நிறுத்தச் சொல்லித்தானாம். ரகோத்தமன் சார்தான் ஒரேயடியாக மூடிவிடலாம் என்று மேலே சொன்னாராம். ரிப்பேர்ச் செலவும் மிச்சம் என்று ஆபீஸில் உடனே சரி என்றார்களாம். அவள் ஆபீஸுக்குப் போய், அண்ணனுக்கு வேலை போய்விடக் கூடாது என்று சண்டை வேறு போட்டாளாம். டெஸ்பாட்ச் கிளார்க் சொன்னான். எனக்கா தெரியாது? செய்வதைச் செய்துவிட்டு அழுவது ஒரு நடிப்பு.

சாமி படத்தையும் கண்ணாடியையும் துண்டில் சுற்றிக்கொண்டு நான் வெளியே வந்தேன். லிஃப்ட்டுக்குப் பூட்டுப் போட்டு, பழுது என்று ஒரு பலகை மாட்டினார்கள். பழுது. தண்ணீர் தளும்பாமல் ஏறி இறங்கிய லிஃப்ட் தம்பி அது.

என்னைக் காந்த அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே போகிறவர்களிடம் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. கைக்கடிகாரம், பைக் சாவி, ஃபோன், பெல்ட்டு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வாங்கி வைக்க வேண்டும். கோயில் வாசலில் செருப்புப் பார்க்கிற வேலைக்கு இது ஒரு படி மேல். முதல் நாளே அவள் வந்து என் விரலைப் பார்த்தாள். இரும்பு லாட மோதிரம், என் பெண்சாதி திருநள்ளாற்றில் வாங்கிப் போட்டது. பெண்சாதி செத்த பிறகும் நான் கழற்றினதில்லை.

"அண்ணே, மன்னிச்சிருங்க. உள்ள வந்தா அதுவும் ஆபத்து. கையையே இழுக்கும்."

தட்டில் வைத்தேன். மற்றவர்கள் சாயங்காலம் போகும்போது அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் என் மோதிரத்தைத் தேடி எடுத்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஆபீஸில் சாவியை வாங்கிக்கொண்டார்கள், ஒரு சாவியை. லிஃப்ட்காரனிடம் இன்னொரு சாவி இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பேரும் டாக்டர்கள்.

நீளமான படம் என்றால் அவள் சனிக்கிழமை மத்தியானம் மிஷினை ஓட விடுவாள், திங்கள் காலை வரை ஓடும். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தில் ஆள் இருக்காது, கார் வராது, கதவு அடிக்காது, அதுதான் அவளுக்கு வேண்டும். வாசலில் ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று அவள் இழுத்தாள். நானே போய், நான் இருக்கிறேன் பாப்பா, எனக்கென்ன வேலை என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது தம்பி. சொன்னால் நம்ப மாட்டீர்கள். அம்மாவிடம் சொல்லி எனக்கென்று முந்திரிக்கொத்து செய்து வாங்கி வருவாள், பாசிப்பயறில் வெல்லம் போட்டுச் செய்வது. ஒரு டப்பா நிறைய.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் ஹாஸ்டலுக்குச் சாப்பிடப் போவாள், அப்படியே சர்ச்சுக்கும் போய்விட்டு இருட்டுகிறபோதுதான் வருவாள். நான் முன்வாசலைத் தாழ் போட்டுவிட்டு, பூட்டைத் திறந்து, கருப்பசாமி படத்தை அதன் ஆணியில் மாட்டி, என் ஸ்டூலில் உட்கார்ந்து, மேலே போவேன். கீழே வருவேன். மேலே போவேன். மடியில் முந்திரிக்கொத்து டப்பா. ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, ஒன்று வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி. யாரும் ஏறாத லிஃப்ட்டை ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் யார் வயிற்றில் அடித்தேன்? என் லிஃப்ட்டில் நான் போனேன், வந்தேன்.

திங்கட்கிழமை அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒழுகல் முன்னைவிட மோசம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. லிஃப்ட் பூட்டியிருக்கிறது, பூட்டை இழுத்துக்கூடப் பார்த்தாள். ஏசிக்காரனைக் கூப்பிட்டு, குளிர் கூடிக் குறைகிறதா என்று கேட்டாள். அவன் இவளைத் திட்டிவிட்டுப் போனான். கண்ணாடிக் குழாயை மாற்றினாள், மருந்தை மறுபடி கரைத்தாள். பிறகு தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கொலுசைக் கழற்றினாள். தலையில் குத்தும் ஊசியைக் கழற்றினாள். துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றினாள். தங்கத்துக்கும் காந்தத்துக்கும் ஒன்றும் இல்லையாம், இருந்தும் ஒரு நாள் தோட்டையும் கழற்றி என் தட்டில் வைத்துவிட்டு, காது மூளியாக, தலைமுடி முகத்தில் விழ உள்ளே போனாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மோதிரமும் அதில்தான் கிடந்தது.

கூடப் படிக்கிற பையன்கள் அவள் படத்துக்குக் குற்றாலம் என்று பெயர் வைத்தார்கள். "என்ன எப்சிபா, இந்த வாரம் சீசன் எப்படி? மெயினருவி மட்டுமா, ஐந்தருவியும் விழுதா?" என்று கேட்பார்கள். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்தக் கோட்டைக் குறைக்கப் பார்த்தாள். புள்ளியே இல்லாத இடத்தில் எவ்வளவு அழுக்கு என்று கணக்குப் பார்த்து, அதை எல்லா இடத்திலிருந்தும் கழிப்பாளாம். கொஞ்சம் குறைந்தது. நான் அக்கறையாகக் கேட்டேன், ஒரேயடியாகத் துடைத்துவிட முடியாதா பாப்பா என்று.

"துடைக்கலாம்ணே. ஆனா எது அழுக்கு, எது நிஜம்னு தெரியாமத் துடைச்சா, நிஜமும் சேர்ந்து போயிரும். இல்லேன்னா அழுக்கு நிஜம் மாதிரி நின்னுரும்."

எனக்கு அது அப்போது முழுசாகப் புரியவில்லை. பிறகு புரிந்தது, நன்றாகவே புரிந்தது.

ரகோத்தமன் சார் பொறுமை இழந்துவிட்டார். ஒரு நாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தே கேட்டுவிட்டார். அதுமாதிரிப் படத்துக்கு ஒரு குணம் உண்டாம். நடுவரிசையில் மடித்தால் இந்தப் பக்கத்துப் புள்ளி அந்தப் பக்கத்துப் புள்ளியின் மேல் சரியாக உட்கார வேண்டும். நிஜமான புள்ளிக்கு எதிர்ப்பக்கம் ஜோடி இருக்கும், அழுக்குக்கு ஜோடி இருக்காது. ஆகவே ஜோடி இல்லாததையெல்லாம் அழித்துவிடு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால் படம் பளிச்சென்று ஆகிவிடும்.

"மடிச்சுடும்மா. எல்லாரும் செய்யறதுதான்" என்றார் அவர்.

"சார், தலைக்கு ஒரு பெரிய புள்ளி இருக்கு, வாலுக்கு ஒண்ணு இருக்கு. ரெண்டுலேருந்தும் ஒழுகுது. அந்த ரெண்டு கோடும் எதிரெதிரே விழுற இடத்துல அழுக்குக்கும் ஜோடி கிடைச்சிருமே."

அவர் அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார்.

"உனக்கு ஃபெலோஷிப் எப்ப முடியுது?"

அவள் போனாள். மடித்தாள்.

படம் சுத்தமாகிவிட்டது. அவ்வளவு கோடும் போய், தலையும் வாலும் சந்திக்கிற இடத்தில் அழகாக ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் அதற்கு ஜோடி. பாம்பு சுருண்டுதான் கிடக்கிறது. ரகோத்தமன் சார் மேஜையைத் தட்டினாராம். எல்லாருக்கும் பால்கோவா. எனக்கும் ஒரு கரண்டி. அதைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகத்தில் வந்தது, சார் ஜப்பானுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். முதலில் சந்தேகப்பட்டவளும் கடைசியில் அந்தப் புள்ளியை நம்பிவிட்டாள். மேஜைமேல் அந்தப் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். பிள்ளை படம் மாதிரி.

எனக்கு வயிறு எரிந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருக்கிறேன், கடைசியில் இவளுக்குப் பால்கோவாவா? நான் அன்றைக்கு நினைத்துப் பார்க்கவில்லை, அந்தப் புள்ளியே நான் வைத்ததுதான் என்று.

கடைசிப் பரீட்சை, வாய்மொழியாகக் கேட்பார்களே, அது வந்தது. பெரிய ஹாலில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாம். டீயும் சமோசாவும் கொடுக்கிற வேலை எனக்கு. அவள் பட்டுப்புடவை கட்டியிருந்தாள், தோடு போட்டிருந்தாள். கேள்வி கேட்க பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், வெள்ளைத் தலை, காலில் ரப்பர் செருப்பு. பார்த்தால் காய்கறி வாங்க வந்தவர் மாதிரி. பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் பேசினார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் டீயை வாங்கிக்கொண்டே சொன்னார்.

"மடிக்காத படம் இருக்கா? அதைப் போடும்மா."

அவள் போட்டாள். சுவர் முழுக்கக் குற்றாலம். பின்வரிசையில் ஒருத்தன் சிரித்துவிட்டான்.

அந்த அம்மா எழுந்துபோய்ச் சுவரில் விரலை வைத்தார். தலையிலிருந்து ஒரு கோடு, வாலிலிருந்து ஒரு கோடு. "இது புள்ளியா? இல்லே, ரெண்டு ஒழுகல் ஜோடி சேர்ந்த இடமா?" என்று கேட்டார்.

அவள் ரகோத்தமன் சாரைப் பார்த்தாள். அவர் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். சார் சொல்லித்தான் மடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். இவள் சொல்லவில்லை.

"தெரியலை மேடம். நான்தான் மடிச்சேன்."

அந்த அம்மா இரக்கப்பட்டுத்தான் அடுத்ததைக் கேட்டார் என்று நினைக்கிறேன். "ஏன் இவ்வளவு அழுக்கு இந்தப் படத்துல? பக்கத்துல லிஃப்ட் ஏதாவது ஓடுதா? அப்படி ஏதாவது இருந்தா சொல்லு. காரணம் தெரிஞ்சா அதை நிறுத்திட்டு மறுபடி எடுக்கச் சொல்லி நானே எழுதித் தரேன்."

 என் கையில் சமோசாத் தட்டு.

"லிஃப்ட் இருந்தது மேடம். மூடிட்டாங்க" என்றாள் அவள். "ஞாயிற்றுக்கிழமைகூட வாசல்ல ஆள் இருந்தாங்க. கோட்டைச்சாமி அண்ணன். அவரையே கேளுங்க."

என்னைக் கை காட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர், ரகோத்தமன் சார், பெங்களூர் அம்மா, அவ்வளவு பேரும். லிஃப்ட் மூடின பிறகு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அப்படியா ஐயா?" என்று அந்த அம்மா கேட்டார். ஐயா என்றார் தம்பி, என்னை.

"லிஃப்ட் ஓடவே இல்லைங்கம்மா. நான் அங்கயேதான் இருந்தேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்து, நன்றி சொல்கிற மாதிரி தலையாட்டினாள்.

அதோடு முடிந்தது. காரணம் இல்லாத அழுக்கு என்றால் அது எடுத்தவளின் கவனக்குறைவு. மறுபடி எடுத்துக்கொண்டு வா என்று சொன்னார்கள், ஆனால் ஃபெலோஷிப் முடிந்துவிட்டது, ரகோத்தமன் சார் மிஷினில் நேரம் தரவில்லை. வேறு ஒரு பையனை வைத்து அதே மருந்தை எடுக்கச் சொன்னார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்துத் தூங்கினேன், எனக்கு அவனோடு என்ன பகை? படம் கண்ணாடி மாதிரி வந்தது. கோடும் இல்லை, அந்தப் புள்ளியும் இல்லை. பாம்பு நீட்டமாகக் கிடந்தது. மிஷின்மேல் தப்பே இல்லை, கை சரியில்லை என்று சார் எல்லாரிடமும் சொன்னார். வெளிநாட்டுப் புத்தகத்துக்கும் அவரே எழுதிப்போட்டு, அவள் பெயரைச் சொல்லி, அது தவறு என்று திருப்பி வாங்கிக்கொண்டார்.

அவள் சாமானை எடுத்துப்போக அப்பா வந்தார். தேவசகாயம் என்று பெயர், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். காலமெல்லாம் பஸ்ஸில் நின்று நின்று ஒரு முட்டி மடங்காது. அவள் மேஜை மூன்றாவது மாடியில். புத்தகம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. மாடிப்படிக்குக் கீழே நின்று, மேலே பார்த்துவிட்டு, என்னிடம் வந்தார்.

"நீங்கதான் கோட்டைச்சாமியா? பாப்பா உங்களைப் பத்தித்தான் பேசும். இந்த ஊர்ல அதுக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான்னு சொல்லும்." பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். முந்திரிக்கொத்து. "அவ அம்மா கொடுத்து விட்டா." பிறகு பலகையைப் பார்த்துக் கேட்டார், "லிஃப்ட் ஓடாதுங்களா?"

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஓடாதுங்க. உங்க மகதான் நிறுத்தினது" என்றேன்.

அவர் படிக்குத் திரும்பினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி வைத்து, இன்னொரு காலை இழுத்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் மூச்சு விடுகிற சத்தம் கீழே கேட்டது. பெட்டியை இறக்கும்போது முன்னால் அவள், பின்னால் அவர். வளைவில் பெட்டி திறந்துகொண்டு தாளெல்லாம் படியில் கொட்டியது. அவள் பொறுக்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பார்த்தேன். எழுந்து போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? லிஃப்ட் இருந்திருந்தால் அப்படிக் கொட்டியிருக்குமா?

ஊரில் ஒரு பள்ளிக்கூட லேபில் சோதனைக் குழாய் கழுவிக்கொடுக்கிற வேலை பார்க்கிறாளாம். வாழட்டுமே. செத்தா போய்விட்டாள்? நானும்தான் வேறு வேலை பார்த்தேன், எனக்காக யார் அழுதார்கள்? அவள் போன பிறகும் லிஃப்ட்டைத் திறக்கவில்லை தம்பி, அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த இடத்தை இடித்துக் காந்த அறையைப் பெரிதாக்கினார்கள். ரிட்டையர் ஆகிற அன்றைக்கு ரகோத்தமன் சார் எனக்குச் சால்வை போட்டார். பிறகு ஒரு காண்டிராக்டர் மூலமாக இந்த ஸ்டூல் கிடைத்தது.

என்ன, மணி பார்க்கிறீர்கள்? தாண்டிவிட்டதா? ரொம்பத் தாண்டிவிட்டதா? சொல்லக் கூடாதா, நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேனே.

கீழே ஏறும்போது நீங்களும் ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டுதான் வந்தீர்கள். "லிஃப்ட்ல ஒரு பெருசு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கு, பட்டன் அழுத்தறதுக்கு ஒரு ஆளாம்" என்று சிரித்தீர்கள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பரவாயில்லை. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

அட, இந்தக் காலைப் பாருங்கள். பழைய காலத்துக் கம்பிக் கதவு தம்பி, ஒரு விரல்கடை திறந்திருந்தாலும் நகராது. என் கால் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. முட்டி வலியில் கவனிக்கவில்லை. இதோ, மடக்கிக்கொண்டேன். கதவு சாத்திவிட்டது. போகிறது பாருங்கள், எவ்வளவு வழுவழுப்பாக.

ஆறாவது மாடி. ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் தாமதம் என்று கேட்டால், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்று தாராளமாகச் சொல்லுங்கள். அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். காலையிலிருந்து லிஃப்ட் நிற்கவே இல்லை என்று நான் சொல்வேன்.